மிதிவண்டியின் பின்பார்வைக் கண்ணாடி

மிதிவண்டியின் பின்பார்வைக் கண்ணாடி என்பது, ஓட்டுபவர் தலையைத் திருப்பாமல் தமக்குப் பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க உதவும் சிறு ஆடி ஆகும். இது பெரும்பாலும் ஹேண்டில்பாரில் பொருத்தப்படுகிறது. மணி, விளக்கு, பூட்டு ஆகியவற்றைப் போல இதை யாரும் மிதிவண்டியின் உறுப்பாகக் கருதியதில்லை. தமிழ்நாட்டில் இன்றும் பெரும்பாலான மிதிவண்டிகள் கண்ணாடி இல்லாமலேயே விற்பனைக்கு வருகின்றன. வேண்டுபவர் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். இது ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால், கடையில் தொங்கும் கண்ணாடிகளில் எது உதவும், எது உதவாது என்பதும் ஓரளவு விளங்கும்.

தோற்றம்

பின்பார்வைக் கண்ணாடியின் எழுதப்பட்ட வரலாறு மோட்டார் காரில் தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த டொரத்தி லெவிட் என்ற பெண் பந்தய வீரர், 1909இல் வெளிவந்த தமது நூலில், கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவ்வப்போது அதை உயர்த்திப் பின்னால் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். 1911 மே 30 அன்று அமெரிக்காவில் நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் தமது காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருந்தார். மற்றவர்களின் கார்களில் பின்னால் பார்த்துச் சொல்ல ஓர் உதவியாளர் உடன் அமர்ந்திருந்தார். ஹாரூனின் கார் ஒற்றை இருக்கை கொண்டது. பந்தயத்தில் அவரே வென்றார். செங்கல் பாவிய தடத்தில் கார் அதிர்ந்த அதிர்வில் அந்தக் கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் ஊர்ச் சாலைகளில் கண்ணாடி மாட்டிய மிதிவண்டியை ஓட்டியவர்களுக்கு அவர் சொன்னது உடனே புரியும்.

மிதிவண்டிக்கு வகுக்கப்பட்ட விதிகள்

மிதிவண்டிக்கு அரசுகள் விதித்த பாதுகாப்புப் பொருள்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். முன்விளக்கு முன்னால் ஒளி வீசுகிறது. மணி முன்னால் செல்பவரை எச்சரிக்கிறது. பின்பக்கத்துக்கு என்று வந்தவை எல்லாம் ஓட்டுபவரைப் பிறர் பார்ப்பதற்கானவை. பிரிட்டனில் 1930களில் பின்புறச் சிவப்பு எதிரொளிப்பானும் மட்கார்டின் வாலில் வெள்ளைப் பூச்சும் கட்டாயமாயின. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் பிரிட்டிஷ் மாதிரியிலேயே வண்டிகளைச் செய்ததால், அந்த வெள்ளைப் பட்டை இங்கும் வந்து சேர்ந்தது. கறுப்பு வண்டியின் பின் மட்கார்டில் அது எதற்காக இருக்கிறது என்று நம்மில் பலர் கேட்டதே இல்லை.

பிரிட்டனில் பின்விளக்கைக் கட்டாயமாக்க முயன்றபோது மிதிவண்டிச் சங்கங்களே அதை எதிர்த்தன. பின்னால் வருபவர்தாம் முன்னால் இருப்பவரைப் பார்த்து ஓட்ட வேண்டும், விளக்கை மாட்டச் சொன்னால் அந்தப் பொறுப்பு மெல்ல மிதிவண்டிக்காரர் தலையில் விழுந்துவிடும் என்பது அவர்களின் வாதம். கண்ணாடிக்கும் இந்த வாதம் பொருந்தும். கண்ணாடி மாட்டாத மிதிவண்டியின்மீது லாரி மோதினால் குற்றம் லாரியை ஓட்டியவருடையதே. இருந்தாலும், அடிபடுபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தால், நியாயம் நம் பக்கம் இருப்பது மட்டும் போதாது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் 1989இல் வந்த விதிகளும் கண்ணாடியை மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமே கேட்கின்றன. மனித ஆற்றலால் ஓடும் வண்டி அந்தச் சட்டத்தின் பொருளில் மோட்டார் வாகனம் அன்று. 2020இல் ஒன்றிய அரசு மிதிவண்டிகளுக்காகப் பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணையும் எதிரொளிப்பான்களைப் பற்றியதே.

தமிழ்நாட்டில்

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. மொபெட்டுகள் பெருகியபின் சிற்றூர்ப் பட்டறைகளிலும் நீண்ட கம்பியின் நுனியில் வட்டக் கண்ணாடி என்பது பழக்கமான பொருளாயிற்று. மிதிவண்டிக்கும் அதே வடிவில் மலிவான கண்ணாடிகள் கிடைத்தன. இளைஞர்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றை மாட்டி, கைப்பிடியில் வண்ணக் குஞ்சமும் தொங்கவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் கண்ணாடிகளில் பாதி சாலையைக் காட்டவில்லை, ஓட்டுபவரின் தலைமுடியைத்தான் காட்டின. பள்ளிக்குக் கண்ணாடி வைத்த வண்டியில் வரும் மாணவனை ஆசிரியர்கள் சற்று ஐயத்துடன் பார்த்ததற்கும் இதுவே காரணம். கண்ணாடி அலங்காரப் பொருள் என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான், இன்னும் முழுதாக நீங்கவில்லை.

பிறகு மிதிவண்டி ஓட்டுபவர்கள் மாறினார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்குத் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் பிற பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அலங்காரத்துக்காக அன்றி, நாள்தோறும் பள்ளிக்குப் போய்வருவதற்காக நெடுஞ்சாலையில் ஓட்டும் பிள்ளைகள் கூட்டம் ஒன்று இதனால் உருவானது.

சாலையும் அப்படியே இருக்கவில்லை. மாம்பழத்துக்கும் புளிக்கும் ஆயத்தச் சட்டைக்கும் பெயர்பெற்ற நத்தத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து நத்தம் வழியாகத் துவரங்குறிச்சி செல்லும் சாலை, தேசிய நெடுஞ்சாலை 785 ஆனது. மதுரை நகரில் 7.3 கிலோமீட்டர் மேம்பாலமும் அதையொட்டிய நான்குவழிச் சாலையும் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டன. (வரலாற்று மாணவர்களுக்கு நத்தம் வேறொன்றையும் நினைவூட்டும். 1755இல் கர்னல் ஹெரானின் கம்பெனிப் படை நத்தம் கணவாயில் தாக்கப்பட்டபோது முன்னணி கடந்து போய்விட்டது. சிக்கிக்கொண்டது பின்னால் சுமைகளுடன் வந்த பகுதிதான்.) குறுகிய சாலையில் பின்னால் வரும் பேருந்து ஒலி எழுப்பி, வழி கேட்டு, மெல்லக் கடக்கும். ஒலியை நம்பித்தான் நம் சாலைகள் நெடுங்காலம் இயங்கின. லாரிகளின் பின்புறம் ஒலி எழுப்பச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதும் அதனால்தான். நான்குவழிச் சாலையில் வண்டிகள் ஒலி எழுப்பாமல் விரைந்து கடந்துபோகின்றன. காற்று எதிரே வீசினால் அவை வரும் ஓசை காதில் விழுவதில்லை. மின்சார வண்டியின் ஓசை காற்றில்லாதபோதும் அருகே வரும்வரை கேட்பதில்லை.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியச் சாலை விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை. மோதல் வகைகளில் அதுவே முதலிடம். அவ்வாண்டில் விபத்துகளால் இறந்த மிதிவண்டிக்காரர்கள் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர்.

சமதள ஆடியா, குவியாடியா

வகுப்பறையில் படித்த ஆடிப் பாடம் இங்கே பயன்படும். 10 செ.மீ. அகலமுள்ள சமதள ஆடி கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருந்தால், 20 மீட்டர் பின்னால் ஏறத்தாழ 3.4 மீட்டர் அகலம் மட்டுமே தெரியும். அது சாலையின் ஒரு தடம். அதே அளவுள்ள, 60 செ.மீ. வளைவு ஆரம் கொண்ட குவியாடியில் சுமார் 10 மீட்டர் தெரியும். இதனால்தான் கடைகளில் குவியாடியையே பரிந்துரைக்கிறார்கள்.

ஆனால் அந்தக் குவியாடியில் 20 மீட்டர் தொலைவிலுள்ள லாரி மூன்றில் ஒரு பங்கு அளவாகச் சுருங்கி, 60 மீட்டருக்கு அப்பால் இருப்பது போலத் தோன்றும். லாரி மணிக்கு 60 கி.மீ., மிதிவண்டி 15 கி.மீ. வேகத்தில் செல்வதாக வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு நொடிக்கு 12.5 மீட்டர் குறைகிறது. ஓட்டுபவர் தமக்கு ஏறக்குறைய 5 நொடி இருப்பதாக நினைப்பார், உண்மையில் இருப்பது 1.6 நொடி. பொருள்கள் தெரிவதைவிட அருகில் உள்ளன என்று கார்க் கண்ணாடிகளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதும் இதைத்தான் சொல்கிறது. மிதிவண்டிக் கண்ணாடிகளில் பெரும்பாலும் அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. எனவே, அளவில் சிறியதாகவும் மிக உப்பலாகவும் உள்ள கண்ணாடியைத் தவிர்த்து, 8 முதல் 10 செ.மீ. அகலத்தில் மெல்லிய வளைவுள்ளதை வாங்குவது நல்லது. வளைவைக் கடையிலேயே சோதிக்கலாம். கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, பின்னால் உள்ள ஒருவரின் முகத்தை அதில் பார்த்துவிட்டு, உடனே திரும்பி நேரில் பார்க்க வேண்டும். கண்ணாடியில் முகம் மிகவும் சிறுத்துத் தெரிந்தால் அது வேண்டாம்.

பொருத்தும் இடம்

இந்தியாவில் இடப்பக்கம் செல்கிறோம், முந்துபவர் வலப்பக்கமாக வருகிறார். ஆகவே ஒரே கண்ணாடி போதும், அது வலப்பக்கம் இருக்க வேண்டும். இணையத்தில் விற்கும் வெளிநாட்டுக் கண்ணாடிகளில் சில அமெரிக்க, ஐரோப்பியச் சாலைகளுக்காக இடப்பக்கம் மாட்டும்படி செய்யப்பட்டவை. வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கம்பி பிரேக் வண்டியில் பிரேக் பிடி ஹேண்டில்பாரின் அடியில் நீளமாக ஓடுவதால், கிளாம்பை நடுப்பக்கமாகத் தள்ளியே மாட்ட முடிகிறது. அங்கிருந்து பார்த்தால் சொந்த முழங்கைதான் தெரியும். அதற்கு வெளிப்பக்கம் நீளும் கம்பியுள்ள கண்ணாடி தேவை. கேரியரில் புல்லுக்கட்டோ சட்டை மூட்டையோ தோளைவிட அகலமாகக் கட்டுபவருக்கும் அதுவே பொருந்தும். ஆனால் கம்பி நீள நீள அதிர்வும் கூடும். ஹாரூனுக்கு நேர்ந்தது இங்கும் நேரும். தடித்த கம்பியும் இரண்டு திருகுள்ள கிளாம்பும் அதிர்வைக் குறைக்கின்றன, முழுதாக நீக்குவதில்லை. ஹேண்டில்பார் குழாயின் நுனியில் செருகும் வகை, அதிர்வு குறைவாகவும் விலை சற்று அதிகமாகவும் இருக்கும். நேரான ஹேண்டில்பாருக்கு அது நன்று. நுனிகள் ஓட்டுபவரை நோக்கி வளைந்த பழைய வண்டிக்கு அது ஒத்துவராது, கண்ணாடி தொடைக்கு அருகில் வந்துவிடும்.

பள்ளி மிதிவண்டி நிறுத்தத்தில் நூறு வண்டிகள் நெருக்கி நிற்கும்போது வெளியே நீண்ட கண்ணாடிதான் முதலில் உடையும். மடக்கக்கூடிய மூட்டு இருந்தால் தப்பும். மடக்கிய கண்ணாடியை மாலையில் விரித்தபின், ஒரு நண்பரை வண்டிக்குப் பின்னால் இருபது அடி எடுத்து வைத்து வலப்பக்கமாக நிற்கச் சொல்லி, இருக்கையில் அமர்ந்தபடி அவர் முழுதாகத் தெரிகிறாரா என்று பார்த்துத் திருகை இறுக்க வேண்டும். அவர் அப்படியே முன்னோக்கி நடந்து வரட்டும். கண்ணாடியிலிருந்து மறைந்தும் ஓரக்கண்ணில் இன்னும் படாமல் அவர் இருக்கும் ஓரிரு அடிகள் உண்டு. வலப்பக்கம் திரும்புமுன் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.