சொல்லாத சேதிகளைச் சொல்ல வைத்தவர்கள்

ஈழத்துக் கவிதையின் எண்பதுகளைப் பற்றி எழுதுவோர் எவரும் 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 31 கவிஞர்களின் 82 கவிதைகள் அடங்கிய அந்நூல் பெற்ற கவனத்திற்கு அது முற்றிலும் உரியதே. அதற்கு அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து மெல்லிய நூலொன்று வெளிவந்தது. பத்துப் பெண்களின் 24 கவிதைகளைக் கொண்ட அந்தத் தொகுப்பின் பெயர் 'சொல்லாத சேதிகள்'. அதையும் இன்று பலர் குறிப்பிடுகிறார்கள். ஆனால், அதனை வெளியிட்ட 'பெண்கள் ஆய்வு வட்டம்' என்னும் சிறிய அமைப்பைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதியோர் மிகச் சிலரே.

இந்த வட்டம் ஒரு பதிப்பகம் அன்று. எண்பதுகளின் முற்பகுதியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலில், விரிவுரையாளர்களும் மாணவியரும் பல்கலைக்கழகத்திற்கு வெளியே இருந்த பெண்களும் கூடிப் படிக்கவும் விவாதிக்கவும் அமைத்துக்கொண்ட ஒரு குழு அது. தமிழ்த்துறையில் விரிவுரையாளராக இருந்த சித்திரலேகா மௌனகுரு அதன் முன்னோடிகளுள் ஒருவர். தமிழகத்தில் 'பெண்ணியம்' எனப்படுவதை ஈழத்தில் 'பெண்நிலைவாதம்' என்று வழங்கினோம். அச்சொல் எம்மிடையே வேரூன்றியதில் இத்தகைய வட்டங்களின் உரையாடல்களுக்குப் பெரும் பங்குண்டு என்பது எனது துணிபு.

பெண்கள் கூடி எழுதுவது யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. 1824இலேயே உடுவிலில் பெண்களுக்கான பாடசாலை தொடங்கிவிட்டது. மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வெளிவந்தது. மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் 'தமிழ் மகள்' சஞ்சிகையைத் தொடங்கினார். இவ்வளவு நீண்ட கல்விப் பாரம்பரியம் இருந்தும், எண்பதுகள் வரை பெண்களின் எழுத்துக்குப் பத்திரிகைகள் ஒதுக்கிய இடம் பெரும்பாலும் மாதர் பகுதிதான். அங்கே சமையற் குறிப்புக்கும் அழகுக் குறிப்புக்கும் நடுவே ஒரு கவிதை கிடக்கும். (அப்பகுதிகளை ஆசிரியபீடத்தில் எவரும் விரும்பி ஏற்றதில்லை என்பதைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்லலாம்.)

1983 கலவரத்தின் பின் நிலைமை மாறிற்று. 1984இல், கைதான இளைஞர்களை விடுவிக்கக் கோரி அன்னையர் முன்னணி யாழ்ப்பாண வீதிகளில் இறங்கியது. பெண்கள் பொதுவெளியில் பேசலாயினர். ஆயினும் தாயாகவும் சகோதரியாகவும் பேசுவது ஒன்று. தன் பொருட்டுத் தானே பேசுவது வேறொன்று. 'சொல்லாத சேதிகள்' இரண்டாவதைச் செய்தது. சங்கரி, சிவரமணி, சன்மார்க்கா, ரங்கா, மசூறா ஏ. மஜீட், ஔவை, மைத்ரேயி, பிரேமி, ரேணுகா நவரட்ணம், ஊர்வசி ஆகியோரின் கவிதைகளில் இராணுவமும் உண்டு, வீட்டுக்குள் இருந்த அடக்குமுறையும் உண்டு. சித்திரலேகாவின் முன்னுரை இக்கவிதைகளைப் பெண்களின் அனுபவமாகத் தனித்து நோக்கியது. தேச விடுதலையே முதன்மை, மற்றவை பின்னர் என்ற வாதம் ஓங்கியிருந்த காலத்தில் அவ்வாறு எழுதத் துணிவு வேண்டியிருந்தது.

இவர்களுள் சிலர் புனைபெயரில் எழுதியவர்கள். ஒருவர் மற்றவரை அறிந்திருக்கும் ஊர்ச் சமூகத்தில், ஒரு பெண் தனியே நின்று காதலையோ கசப்பையோ அச்சேற்றுவது எளிதன்று. பத்துப் பேர் ஒரே அட்டைக்குள் சேர்ந்து நின்றபோது அதுவே ஒரு கூரையாயிற்று. தனித்தொகுதி தர முடியாத இந்தப் பாதுகாப்பை ஒரு வட்டத்தால் தர முடிந்தது. சிவரமணி அப்போது பதினெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்தவர்.

அடுத்த ஐந்தாண்டுகள் அந்தக் கூரையைப் பிய்த்தெறிந்தன. 1986இலேயே இயக்கங்கள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கியிருந்தன. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் போரிட்டுக் கைப்பற்றியது. போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கெனப் 'பூரணி' நிலையத்தை உருவாக்குவதில் முன்னின்றவர்களுள் ஒருவரான, மருத்துவபீட விரிவுரையாளர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். தமிழ்ப் பெண்களும் ஒரு முஸ்லிம் பெண்ணும் ஒரே நூலில் எழுதி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1991 ஓகஸ்டில், 'தோழி' இதழை நடத்திய பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வி புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். 1992இல் பென் என்னும் எழுத்தாளர் அமைப்பு அவருக்கு விருது வழங்கியது. அவர் திரும்பவில்லை.

செல்வி கொண்டுசெல்லப்படுவதற்கு மூன்று மாதங்கள் முன்னர், 1991 மே 19 அன்று, சிவரமணி தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். வயது 22. அதற்கு முன் தன் கைவசமிருந்த எழுத்துகள் அனைத்தையும் எரித்துவிட்டார். இதழ்களில் அச்சானவையும் நண்பர்களிடம் பிரதிகளாக இருந்தவையுமே எஞ்சின. அவற்றைத் தேடிச் சேர்த்து, 1993இல் சித்திரலேகாவின் முன்னுரையுடன் 'சிவரமணி கவிதைகள்' என நூலாக்கியதும் இதே பெண்கள் ஆய்வு வட்டம்தான்.

எரித்தவரின் விருப்பத்தை மீறிப் பதிப்பிக்கலாமா என்ற கேள்வி எழாமல் இராது. எழுதியவரே அழித்ததை மற்றவர் மீட்பது அத்துமீறல் என்பாருக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எரிந்தவற்றை எவரும் மீட்கவில்லை. அவர் பிறர் கையில் ஏற்கெனவே கொடுத்திருந்தவையே நூலாயின. அவற்றை மடித்து வைத்திருந்தவர்கள், அக்காலத்தில் ஒரு துண்டுத்தாளுக்கே விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தவர்கள். 1990 யூன் முதல் குடாநாட்டில் மின்சாரமில்லை. பொருளாதாரத் தடை வேறு. அந்நிலையிலும் இறந்துபோன தோழியொருத்தியின் கவிதைகளைத் தேடித் திரட்டியதை அத்துமீறல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வட்டத்தினர் சிதறினாலும் வேலை நிற்கவில்லை. பெண்நிலைவாதிகள் சிலர் சேர்ந்து அமைத்த 'சூரியா' பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993 முதல் மட்டக்களப்பில் இயங்கியது. 'பெண்' என்ற சஞ்சிகையையும் கொண்டுவந்தது. கடலுக்கு அப்பால், 1990இல் ஜேர்மனியில் தொடங்கிய பெண்கள் சந்திப்பு ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் கூடியது. 2007இல் அ. மங்கை தொகுத்த 'பெயல் மணக்கும் பொழுது' ஈழத்துப் பெண் கவிஞர்களைப் பெருந்தொகையாக ஒன்றுசேர்த்தது.

பத்துப் பேருள் ஔவையின் 'எல்லை கடத்தல்' 2000இல் வந்தது. ஊர்வசியின் தனித்தொகுதி வெளிவர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 28 ஆண்டுகளின் பின் வந்த அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'இன்னும் வராத சேதி'. மற்றவர்களுள் சிலரை இன்றைய வாசகர் அறிவது, 1986இல் அச்சான அந்த மெல்லிய நூலின் வழியாக மட்டுமே.