பனிக்காலமும் பந்தய வண்டியின் எண்ணெயும்

நுவரெலியாவில் மார்கழி மாதத்து விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்த நேயர்கள், எண்ணெய் வெண்கட்டியாக உறைந்து நிற்பதைக் கண்டிருப்பர். மோட்டார் இயந்திரத்தில் ஊற்றும் எண்ணெய் அத்துணை எளிதில் உறைவதில்லை. ஆயினும் குளிர் மிக மிக அது பாகுபோலத் தடித்து, ஓட மறுக்கும். உலோகத்தோடு உலோகம் உராயாமற் காப்பதே அவ்வெண்ணெயின் தொழில். அது உரிய இடத்தைச் சென்றடையத் தாமதிக்கும் சில விநாடிகளிலேயே இயந்திரம் தேய்வுறுகிறது. வெப்பம் அளவு கடந்தாலோ அதே எண்ணெய் நீர்த்துப்போய்க் காக்கும் வலிமையை இழந்துவிடுகிறது. இவ்விரு கேடுகளுக்கும் நடுவே எண்ணெயை நிறுத்த மனிதர் எடுத்த முயற்சி, ஐரோப்பாவின் பனிச்சாலைகளில் நன்கு சோதிக்கப்பட்டது.

1911ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் முதலாவது மொன்டே கார்லோ ஓட்டம் நடைபெற்றது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலிருந்து 23 வண்டிகள் நடுக்குளிரிலே புறப்பட்டு மொனாக்கோவை நோக்கி ஓடின. பாரிசிலிருந்து வந்த ஆன்றி ரூஜியே வெற்றி பெற்றார். 1931இல் டொனால்ட் ஹீலி என்னும் ஆங்கிலேயர், நோர்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரிலிருந்து இன்விக்ரா வண்டியைச் செலுத்திவந்து முதலிடம் பெற்றார். அக்காலத்துச் சாரதிகளுக்கு இருந்த உபாயங்கள் எளியவை. ரேடியேற்றரின் முகப்பைத் துணியாலோ தோலாலோ போர்த்துக் குளிர்காற்றைத் தடுப்பர். அலாஸ்காவின் ஆகாய விமானிகளோ, இரவில் எண்ணெயைத் தகரங்களில் வடித்தெடுத்து, காலையில் அடுப்பில் வைத்துச் சூடாக்கி, மீண்டும் இயந்திரத்தில் ஊற்றுவர். 1941இன் கடுங்குளிரில் மொஸ்கோ நகரை அணுகிய ஜேர்மன் படையினர், தாங்கிகளை இயக்குவதற்கு அவற்றின் அடியிலே தீ மூட்ட நேர்ந்தது. எரிபொருள் நிறைந்த ஊர்தியின் கீழ் நெருப்பு வைப்பதெனின், அவர்தம் இடர் எத்தகையது என்று எண்ணிப்பார்க்கலாம்.

பந்தய வண்டிக்கு இத்தொல்லை இருமடங்காகும். கோடையில் அதிவேகமாக ஓடும்போது எண்ணெய் கொதிப்படையாதிருக்க, காற்றுப்படும் இடத்தில் ஒயில் கூலர் ஒன்றை அமைக்கின்றனர். கோடையிலே துணையாக நின்ற அக்கருவி பனிக்காலத்திற் பகையாகிவிடுகிறது. மலைச்சரிவில் இறங்கும் வண்டியின் இயந்திரம் வெப்பத்தைச் சிறிதளவே பிறப்பிக்கும். எதிர்க்காற்றோ இருக்கும் வெப்பத்தையும் கவர்ந்து செல்லும். ஆகவே கூலரின் முகத்தில் அட்டையையோ ஒட்டு நாடாவையோ பொருத்தி மறைப்பது வழக்கமாயிற்று. ஆனால் எவ்வளவு மறைப்பது? ஏற்றம் வந்ததும் அதனை யார் இறங்கி அகற்றுவது? கைக்கணக்கு அடிக்கடி பொய்த்தது. அமுக்கமானியும் சாரதியை ஏமாற்றவல்லது. குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதாலேயே அதன் முள் உயர்ந்து நிற்கும். அவ்வுயர்வை இயந்திரத்தின் நலமென்று கொள்ளுதல் பெரும் பிழை.

1963இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டில் உற்பத்திக்கு வந்த போர்ஷே 911 இவ்விடர்ப்பாட்டை நேராக எதிர்கொண்டது. பின்புறத்தில் அமைந்த அதன் ஆறு சிலிண்டர் இயந்திரம் காற்றினாற் குளிர்விக்கப்படுவது, தண்ணீர் கிடையாது. ஆதலால் வெப்பத்தைச் சுமந்து செல்லும் பணியில் பெரும்பங்கு எண்ணெயின் தலையில் விழுந்தது. எண்ணெய் தனித் தாங்கியொன்றிலே தங்கியிருந்தது. பின்வந்த விசைமிக்க வகைகளில் முன்சக்கரத்தருகே மேலதிகக் கூலர் ஒன்று சேர்க்கப்பட்டது. அதற்குச் செல்லும் வழியில், வெப்பநிலைக்கேற்பத் தானே திறந்து மூடும் வாயில் ஒன்றை வைத்தனர். எண்ணெய் ஏறத்தாழ 83 பாகை செல்சியசை அடையும்வரை அவ்வாயில் திறவாது. எண்ணெய் முன்னே செல்லாமல் தாங்கிக்கே திரும்பிவிடும். அட்டையும் நாடாவும் செய்ய முயன்றதை ஒரு சிறு வாயில் ஓசையின்றிச் செய்தது.

1968இல் விக் எல்ஃபோர்டும், 1969, 1970ஆம் ஆண்டுகளில் பியோர்ன் வால்டெகார்டும் 911 வண்டியில் மொன்டே கார்லோ வெற்றியை ஈட்டினர். அவ்வெற்றிகளை அவ்வாயிலின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. சாரதியின் திறமையும், பின்சக்கரங்களின் மேல் அழுந்திய இயந்திரப் பாரமும் அவற்றுக்கு உரியன. அவர்களுக்கு முன் 1964, 1965, 1967ஆம் ஆண்டுகளில் வென்ற மினி கூப்பர் வண்டியிலோ, இயந்திரத்துக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே எண்ணெய்தான். ஓரெண்ணெயை இருபணிக்கு ஏவிய அவ்வமைப்பு இடத்தை மிச்சம் பிடித்தது; எண்ணெயை மட்டும் வாட்டி வதைத்தது.

எண்ணெயின் இயல்பும் மாறிற்று. முன்பு குளிர்காலத்துக்கு மெல்லிய எண்ணெயும் கோடைக்குத் தடித்த எண்ணெயும் மாற்றி ஊற்றுவர். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கலந்த பல்தர எண்ணெய் பரவியபின் அத்தேவை குறைந்தது. அச்சங்கிலிகள் குளிரிற் சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெய் மிகையாக நீர்த்துப்போகாமற் காக்கும்.

ஆயினும் எந்த எண்ணெயாலும் தீராத குறை ஒன்றுண்டு. எரிபொருள் எரியும்போது நீராவி பிறக்கிறது. குளிர்ந்த இயந்திரத்தில் அது நீராகி எண்ணெயிற் கலக்கிறது. எண்ணெய் நன்கு சூடேறி நெடுநேரம் ஓடினாலன்றி அந்நீர் வெளியேறாது. தன் வண்டிமீது அன்பு கொண்ட ஒருவர், பனிக்காலமெல்லாம் அதனைக் கராஜிலே வைத்து, வாரந்தோறும் ஐந்து நிமிடம் இயக்கி நிறுத்துகிறார். எண்ணெய் மூடியின் அடியிலே வெண்ணெய் போன்ற நுரை படிகிறது. ஓட்டத்திற் கெடாத இயந்திரம் ஓய்விலே கெடுகிறது.

காற்றினாற் குளிர்ந்த 911இன் உற்பத்தி 1998இல் முடிவுற்றது. அதன்பின் வந்த இயந்திரங்களில் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றின் வெப்பத்தை மற்றொன்றுக்கு அளிக்கின்றன. விரைவிற் சூடேறும் தண்ணீர் முதலில் எண்ணெயை வெதுப்பி, பின்னர் அதனைத் தணிக்கிறது. அதே 1998இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. எம் 5 வண்டியில், சுழற்சிமானியின் விளிம்பிலே சிறு விளக்குகள் வரிசையாக வைக்கப்பட்டன. இயந்திரம் குளிர்ந்திருக்கையில் அவை எரிந்து, உயர்வேகச் சுழற்சி ஆகாதென்று எச்சரிக்கும். எண்ணெய் சூடேற ஏற ஒவ்வொன்றாக அவை அணையும். கடைசி விளக்கும் அணையும்வரை சாரதி மெல்லவே செலுத்துதல் வேண்டும்.