பகத்சிங்கின் சிறை நூற்பட்டியல் (1930): இடதுசாரிச் சிந்தனை பயிலும் இளைஞர்க்கான வாசிப்பு நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

இடதுசாரிச் சிந்தனையை அறிய விரும்பும் இளைஞர் எந்நூல்களைப் பயில வேண்டும் என்னும் வினாவுக்கு இந்தியாவில் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. இயக்கங்கள் தத்தம் கொள்கைக்கு இசைந்த நூல்களை வரிசைப்படுத்தித் தந்துள்ளன. பதிப்பகங்கள் மலிவு விலை வெளியீடுகளால் அவ்வரிசைக்கு வடிவம் தந்துள்ளன. ஆயின் பிறர்க்கு அறிவுரையாக அன்றித் தன் தேவைக்காகவே ஓர் இளைஞர் எழுதிய பட்டியல் ஒன்று வரலாற்றில் எஞ்சியுள்ளது. 1930ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் இலாகூர் மத்தியச் சிறையிலிருந்து பகத்சிங் தம் பள்ளித் தோழர் செயதேவ் குப்தாவுக்கு எழுதிய மடலே அது. அப்போது அவருக்கு அகவை 22. அம்மடலில் உள்ள பட்டியலின் பின்னணி, அமைப்பு, விடுபாடுகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலும் தடையும்

அக்காலத்தில் பொதுவுடைமை நூலைப் பெறுதலே அரிய செயலாக இருந்தது. 1878ஆம் ஆண்டின் கடல்வழிச் சுங்கச் சட்டத்தைக் கொண்டு, வெளிநாடுகளில் அச்சிடப்பட்ட போல்செவிக் வெளியீடுகள் இந்தியத் துறைமுகங்களில் தடுக்கப்பட்டன. எம். என். இராய் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய இதழ்கள் இத்தடைக்கு உள்ளாயின. 1929 மார்ச்சில் தொடங்கிய மீரத் சதி வழக்கில் கைப்பற்றப்பட்ட நூல்களும் துண்டறிக்கைகளும் சான்றுப் பொருள்களாக நீதிமன்றத்தில் அடுக்கப்பட்டன. ஒருவர் எதைப் படித்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டின் பகுதியாயிற்று.

இத்தகைய சூழலில் நூலகமே இளைஞர்க்குப் புகலிடமாக விளங்கியது. இலாலா லசபதிராய் 1921இல் இலாகூரில் தேசியக் கல்லூரியை நிறுவினார்; பகத்சிங் அதன் மாணவர். லசபதிராய் அந்நகரில் தோற்றுவித்த துவாரகாதாசு நூலகம் அக்கல்லூரி மாணவர்களின் அரசியல் கல்விக்கு உறுதுணையாயிற்று. அயர்லாந்து, இத்தாலி, உருசியா ஆகிய நாடுகளின் புரட்சி வரலாறுகளை அவர்கள் இத்தகைய நூலகங்களின் வழியே அறிந்தனர்.

சிறையில் நூல் பெறுதல் உரிமைப் போராட்டமாகவே மாறியது. 1929 சூன் 15ஆம் நாள் பகத்சிங்கும் பதுகேசுவர் தத்தும் தொடங்கிய உண்ணாநோன்பின் கோரிக்கைகளுள் நல்லுணவு, உடை ஆகியவற்றோடு நூல்களும் நாளிதழ்களும் இடம்பெற்றன. அந்நோன்பில் 63ஆம் நாளில், 1929 செப்டம்பர் 13 அன்று, சதீந்திரநாத் தாசு உயிர்நீத்தார். அதற்கு முந்தைய நாளாகிய செப்டம்பர் 12, பகத்சிங்குக்குச் சிறையில் வழங்கப்பட்ட 404 பக்கக் குறிப்பேட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. அரசியல் கைதியின் வாசிப்பு எத்தகைய விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதை அடுத்தடுத்து வரும் இவ்விரு நாள்களும் உணர்த்துகின்றன.

பட்டியலின் அமைப்பு

சூலை 24 மடலில் பகத்சிங் துவாரகாதாசு நூலகத்திலிருந்து பத்து நூல்களையும் பஞ்சாப் பொது நூலகத்திலிருந்து ஒரு நூலையும் எடுத்து, தம் இளவல் குல்பீர் வாயிலாக அனுப்புமாறு கேட்டுள்ளார். போர்ஸ்டல் சிறையில் இருந்த வழக்குத் தோழர்கள் நூல் கிடைக்காமல் துன்புறுவதையும் அதே மடலில் அவர் குறித்துள்ளார். தம் வாசிப்பைத் தனிமனிதத் தேவையாக மட்டும் அவர் கருதவில்லை என்பதற்கு இது சான்று.

பட்டியலில் உள்ள நூல்களைப் பொருள் அடிப்படையில் ஐந்தாகப் பகுக்கலாம். முதலாவது, போர் பற்றியவை: கார்ல் லீப்னெக்டின் 'இராணுவவாதம்', பெர்ட்ரண்ட் ரசலின் 'மனிதர் ஏன் போரிடுகின்றனர்', 'இரண்டாம் அகிலத்தின் தகர்வு' என்னும் லெனினின் நூல். இரண்டாவது, புரட்சியும் ஆட்சியும் பற்றியவை: பாரிசுக் கம்யூனைக் குறித்து மார்க்சு 1871இல் எழுதிய 'பிரான்சில் உள்நாட்டுப் போர்', லெனினின் 'சோவியத்துகள் பணியில்', 'இடதுசாரிக் கம்யூனிசம்' ஆகியவற்றோடு 'உருசியாவில் நிலப் புரட்சி'. மூன்றாவது, கூட்டுறவு வாழ்வும் உழைப்பும் பற்றியவை: கிரபோத்கினின் 'பரஸ்பர உதவி', 'வயல்கள், ஆலைகள், பட்டறைகள்'. நான்காவது, ஆய்வு முறை பற்றியது: பஞ்சாப் பொது நூலகத்திலிருந்து கேட்கப்பட்ட புகாரினின் 'வரலாற்றுப் பொருள்முதல்வாதம்'. ஐந்தாவது புனைகதை: அப்டன் சின்கிளேரின் 'ஒற்றன்'. அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறிய முன்னாள் தோழர்களின் வாக்குமூலத்தால் வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையில், ஒற்றன் ஒருவனின் வாழ்வைக் கூறும் புதினத்தை அவர் கேட்டமை கருதத்தக்கது.

முரண்பாடுகளின் தொகுப்பு

இப்பட்டியலின் தலையாய சிறப்பு, இதில் இடம்பெறும் ஆசிரியர்கள் ஒருவரோடொருவர் உடன்படாதவர்கள் என்பதாகும். முதல் உலகப் போரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1914 திசம்பரில் செருமானிய நாடாளுமன்றத்தில் போர்க்கடனுக்கு எதிராகத் தனியொருவராக வாக்களித்தவர் லீப்னெக்ட். போரெதிர்ப்பு எழுத்துக்காக 1918இல் சிறை சென்றவர் ரசல். ஆயினும் அவர் மார்க்சியர் அல்லர். போரை ஆதரித்த சமூக சனநாயகக் கட்சிகளைக் கடுமையாகச் சாடியவர் லெனின். கிரபோத்கினோ நேச நாடுகளின் தரப்பை வெளிப்படையாக ஆதரித்து 1916இல் அறிக்கையில் கையொப்பமிட்டவர். ஒரே வினாவுக்கு நான்கு விடைகள் ஒரே பட்டியலுக்குள் அமைந்துள்ளன.

உழைப்பையும் அதிகாரத்தையும் பற்றிய வினாவிலும் இதே நிலை காணப்படுகிறது. 1918இல் எழுதப்பெற்ற 'சோவியத்துகள் பணியில்' தொழிற்சாலை ஒழுங்கையும் ஒருவர் தலைமையிலான மேலாண்மையையும் வலியுறுத்துகிறது. அமெரிக்க டெய்லர் முறையிலிருந்து பயனுள்ளவற்றைக் கற்க வேண்டும் என்கிறது. 'வயல்கள், ஆலைகள், பட்டறைகள்' அதற்கு நேரெதிராக, மூளை உழைப்பும் உடல் உழைப்பும் இணைந்த, பரவலாக்கப்பட்ட சிறு உற்பத்தியை முன்வைக்கிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பயிலும் இளைஞர், சமத்துவச் சமூகத்தை யார், எவ்வாறு நடத்துவது என்னும் சிக்கலைத் தாமே எதிர்கொண்டாக வேண்டும். பட்டியல் அதற்கு விடை தரவில்லை. வினாவை மறைக்கவும் இல்லை.

சிறைக் குறிப்பேடும் இவ்வியல்பை உறுதிப்படுத்துகிறது. செய்ப்பூரிலிருந்து 1994இல் நூல்வடிவம் பெற்ற அக்குறிப்பேட்டில் மார்க்சு, எங்கெல்சு, லெனின் ஆகியோரின் எழுத்துகளோடு ரூசோ, தாமசு பெயின் முதலியோரின் அரசியல் சிந்தனைகளும் விட்மன், தாகூர் உள்ளிட்ட கவிஞர்களின் வரிகளும் இடம்பெறுகின்றன. பொதுவுடைமையை அறிய முற்பட்டவர் அரசு என்னும் நிறுவனத்தின் சிந்தனை வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே பயில விழைந்தார் என்பது இதனால் தெளிவாகிறது.

வாசிப்பின் விளைவு

1930 அக்டோபரில் எழுதப்பெற்ற 'நான் ஏன் நாத்திகன்' என்னும் கட்டுரையில், புரட்சி இயக்கத்தின் பொறுப்பு தம் தோளில் விழுந்தபோது படிப்பே தமக்குத் தேவையென உணர்ந்ததாகப் பகத்சிங் விளக்குகிறார். எதிர்தரப்பினரின் வாதங்களுக்கு விடையிறுக்கவும், தம் கொள்கையைத் தாமே சோதிக்கவும் அவர் படித்தார். 1931 பிப்ரவரி 2ஆம் நாளிட்ட 'இளம் அரசியல் ஊழியர்களுக்கு' என்னும் மடலில் இதன் முதிர்ந்த நிலை வெளிப்படுகிறது. தனிமனித வன்முறையின் போதாமையையும், உழவர் தொழிலாளரைத் திரட்டும் நெடும்பணியின் இன்றியமையாமையையும், சமரசம் என்பது எவ்விடத்தில் போர்க்கருவியாகும் என்பதையும் அம்மடல் ஆராய்கிறது. படிப்பு வட்டங்களையும் சிறு வெளியீடுகளையும் இயக்கப் பணிகளுள் வைத்துப் பேசுகிறது. சமரசத்தை முற்றாக மறுப்போரை மறுத்து லெனின் 1920இல் எழுதிய 'இடதுசாரிக் கம்யூனிசம்' சூலைப் பட்டியலில் இடம்பெற்றதை இதனோடு பொருத்திக் காணலாம். அம்மடலுக்கு ஐம்பது நாள்களுக்குள், மார்ச் 23 அன்று, அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய வாசிப்பின் பயன் தமிழகத்தையும் வந்தடைந்தது. 1931 மார்ச் 29ஆம் நாளிட்ட 'குடி அரசு' இதழில் பெரியார் பகத்சிங்கைப் பற்றித் தலையங்கம் தீட்டினார். அவ்வாண்டிலேயே மார்க்சு, எங்கெல்சின் பொதுவுடைமை அறிக்கையின் தமிழாக்கம் அவ்விதழில் வெளிவரத் தொடங்கியது. 1930களின் நடுவில் ப. சீவானந்தம் 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைத் தமிழாக்கினார். அவரும் வெளியீட்டாளர் ஈ. வெ. கிருட்டிணசாமியும் அதன்பொருட்டுக் கைது செய்யப்பட்டனர். இலாகூர்ச் சிறையில் நூலுக்காகப் போராடியவரின் எழுத்தே தமிழில் அடக்குமுறைக்கு உள்ளான நூலாயிற்று.

பட்டியலின் விடுபாடுகள்

இப்பட்டியலை இன்றைய இளைஞர்க்கு அவ்வாறே பரிந்துரைத்தல் பொருந்தாது. பதினொரு நூல்களுள் இந்தியச் சமூகத்தை ஆராயும் நூல் ஒன்றும் இல்லை. சாதி பற்றிய நூலும் இல்லை. பகத்சிங் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். 1928 சூனில் 'கிர்த்தி' இதழில் தீண்டாமை குறித்து அவர் எழுதியுள்ளார். ஆயின் மார்க்சிய நோக்கிலும் சனநாயக நோக்கிலும் இந்தியச் சமூகத்தை விளக்கும் பெருநூல்கள் பின்னரே தோன்றின. அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' 1936இல் வெளிவந்தது, தா. தா. கோசாம்பியின் 'இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம்' 1956இல் வெளிவந்தது. முன்னது, பொருளாதார மாற்றம் ஒன்றே போதும் எனக் கருதிய சமதர்மியரை நோக்கி நேரடி வினாக்களை எழுப்புகிறது. இவ்விரண்டும் இன்றி இந்திய இளைஞரின் இடதுசாரி வாசிப்பு நிறைவுபெறாது.

பட்டியலில் உள்ள நூல்களுக்கும் பிற்கால வரலாறு உண்டு. புகாரின் 1938இல் சோவியத் அரசாலேயே மரண தண்டனைக்கு உள்ளாக்கப்பட்டார். 1988இல்தான் அவர்மீதான குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. 1930இல் நம்பிக்கையோடு படிக்கப்பட்ட நூல்களை இன்று படிப்போர் இந்நிகழ்வுகளையும் உடன்வைத்தே படிக்க வேண்டியவராவர்.

முடிவுரை

பகத்சிங்கின் நூற்பட்டியல் ஒரு கட்சியின் பாடத்திட்டமாக அமையவில்லை. போர், அரசு, உழைப்பு, வரலாறு ஆகியன பற்றி மாறுபட்ட விடைகள் தரும் ஆசிரியர்களை அது ஒருங்கே அழைக்கிறது. இளைஞர்க்கு அப்பட்டியல் கற்பிப்பது நூற்பெயர்களைக் காட்டிலும் வாசிப்பு முறையையே எனலாம்: தாம் ஏற்கும் நூலோடு அதனை மறுக்கும் நூலையும் கேட்டுப் பெறுதல், படித்ததைக் குறிப்பெடுத்தல், உடன் படிப்போர்க்கும் நூல் கிடைக்கச் செய்தல். நூல்கள் எளிதிற் கிடைக்கும் இக்காலத்தில் முதலிரண்டும் அவரவர் முயற்சியைப் பொறுத்தவை. மூன்றாவது, பொது நூலகங்களைப் பேணும் சமூகத்தின் கடமையாக இன்றும் எஞ்சி நிற்கிறது.