தட்டில் வளர்ந்த விழித்திரை

ஐதராபாத்தின் காஞ்சன்பாக் பகுதி ஏவுகணை ஆய்வகங்களுக்கும் மிதானி நிறுவனத்தின் உலோகக் கலவைகளுக்கும் பெயர் பெற்றது. அதே நகரின் பஞ்சாரா ஹில்ஸில், குல்லபள்ளி என். ராவ் 1987-இல் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில், உயிருள்ள கண் திசுவை உடலுக்கு வெளியே வளர்க்கும் தொழில் வேரூன்றிய வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அத்தொழிலின் பழைய சிக்கல், திசு வளர்ப்புத் தட்டுக்கு வந்ததும் தன் இயல்பை இழப்பதாகும். கேம்பிரிட்ஜில் ஸ்ட்ரேஞ்ச்வேஸும் ஹானர் ஃபெல்லும் 1926-இல் கோழிக்கருவின் கண்ணைத் தனியே வளர்த்தபோது, அதன் உருவம் கோணிப் போனாலும் விழித்திரைச் செல்கள் பெரும்பாலும் முறைப்படியே முதிர்ந்தன. முதிர்ந்த விழித்திரையின் நிலை வேறு. பார்வை நரம்பு அறுபட்டதால் நரம்புமுடிச்சுச் செல்கள் மடியத் தொடங்கும். ஒளியை வாங்கும் செல்கள், பின்னாலிருந்து பேணும் நிறமிப் படலத்தைப் பிரிந்ததும், தம் வெளிநுனிகளை இழக்கும். தாங்கும் செல்களான முல்லர் செல்கள் தழும்பிடும் வழியில் திரும்பும். நிறமிப் படலச் செல்களோ, அறுகோணமாக நெருங்கி நின்றவை, வெறும் பிளாஸ்டிக்கில் பரந்து தட்டையாகி, பகுபட்டுப் பெருகும்தோறும் கருநிறம் வெளுத்து, நார்த்திசுச் செல்லின் சாயலை அடைந்துவிடும். தட்டை ஒரு நடுநிலையான பாத்திரமாகக் கருதியதே அக்காலத்தின் பெரும்பிழை எனலாம்.

ஐதராபாத்தில் இதற்குக் கிடைத்த விடை மகப்பேற்று அறையிலிருந்து வந்தது. கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடச் சவ்வின் மீது கருவிழி விளிம்பின் தண்டுச் செல்களை வளர்த்து, 2001 முதல் விரேந்தர் சங்வான், கீதா வெமுகந்தி ஆகியோரின் குழு நோயாளிகளுக்குப் பொருத்தியது. அதே சவ்வில் மனிதக் கண்ணின் நிறமிப் படலச் செல்களையும் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது.

செல்லின் மாறும் தன்மையே மூலதனமான காலம் பிறகு வந்தது. முதிர்ந்த செல்லைக் கருநிலைக்கு மீட்கும் யாமனாகாவின் முறையும், தண்டுச் செல் திரளிலிருந்து கண்கிண்ணம் தானே உருவாவதைச் சசாயின் குழு 2011-இல் காட்டியதும் வழிதிறக்க, இந்துமதி மாரியப்பனின் ஐதராபாத் குழு 2017-இல் அத்தகைய மனிதச் செல்களிலிருந்து சிறு கருவிழிகளை உருவாக்கியது. விழித்திரையின் சிறு வடிவங்களான முளைகளும் அதே முறையில் எழுந்தன. இவ்வகை முளைகளிலும் நிறமிச் செல்கள் ஒளிச்செல்களுக்கு அடியில் விரியாமல் ஒருபுறம் கட்டியாய்த் திரண்டு நிற்பதுண்டு. ஒளிச்செல்களின் வெளிநுனி அரும்ப மாதங்கள் பல ஆகும். சென்று சேர மூளை இல்லாத நரம்புமுடிச்சுச் செல்கள் அதற்குள் குறைந்துபோகும்.