ஹிட்லரை எழுந்து போகவைத்த நார்வேக்காரர்

1936 ஆகஸ்ட் 7. பெர்லின் ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருக்கிறது. போஸ்ட் ஸ்டேடியம் என்ற மைதானத்தில் கால்பந்துக் காலிறுதி ஆட்டம்: ஜெர்மனியும் நார்வேயும். முதல் சுற்றில் லக்சம்பர்க்கை 9-0 என்று துவைத்துப் போட்டிருந்தது ஜெர்மனி. நார்வேயா? அதெல்லாம் ஒரு அணியா என்ற நினைப்பு. அரையிறுதிக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று முக்கியமான ஆட்டக்காரர்கள் சிலருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஹிட்லரே ஆட்டம் பார்க்க வந்துவிட்டார். கூடவே கோயபல்ஸ், கோரிங், ஹெஸ் என்று மொத்தப் பட்டாளமும். மைதானத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல்.

ஏழாவது நிமிடத்திலேயே மாக்னர் இசாக்சன் என்ற நார்வேக்காரர் ஒரு கோல் போட்டார். ஜெர்மனி முட்டி மோதிப் பார்த்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது அதே இசாக்சன் இரண்டாவது கோலையும் போட்டார். கடைசி விசில் ஊதும்வரை ஹிட்லர் காத்திருக்கவில்லை. எழுந்து போய்விட்டார். அவர் நேரில் போய்ப் பார்த்த பெரிய கால்பந்து ஆட்டம் அது ஒன்றுதான் என்பார்கள்.

அந்த ஒலிம்பிக்ஸில் ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அதிலும் நார்வே அணியைத் தயார்செய்த மனிதரின் கதை இன்னும் குறைவான பேருக்கே தெரியும். அவர் பெயர் அஸ்பியோர்ன் ஹால்வோர்சன். நார்வேயில் செல்லமாக 'அஸ்ஸி'. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஜெர்மானியர்களின் ஆட்டம் அத்துப்படி. ஏனென்றால் பத்து வருடங்களுக்கு மேல் அவரே ஜெர்மனியில் ஆடியவர். அதுவும் சும்மா ஆடியவர் இல்லை, இரண்டு முறை ஜெர்மன் சாம்பியன்!

1898 டிசம்பர் 3-ஆம் தேதி நார்வேயின் தென்கிழக்கில் உள்ள சார்ப்ஸ்போர்க் என்ற ஊரில் பிறந்தார். மர ஆலைகளும் காகித ஆலையும் உள்ள தொழில் நகரம் அது. 1917-ல் உள்ளூர் அணி நார்வே கோப்பையை வென்றபோது அதில் அவர் இருந்தார். அடுத்த வருடமே தேசிய அணிக்கு வந்தார். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸில் நார்வே 3-1 என்று பிரிட்டனைத் தோற்கடித்தது. கால்பந்தைக் கண்டுபிடித்தவர்களையே தோற்கடித்துவிட்டோம் என்று நார்வேக்காரர்கள் கொஞ்ச நாள் பூமியில் கால் பாவாமல் நடந்திருப்பார்கள். நாட்டுக்காக மொத்தம் 19 ஆட்டங்கள். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம், 1920களின் தொடக்கத்திலேயே அவர் கப்பல் தொழில் வேலைக்காக ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போய்விட்டதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று நார்வே கால்பந்து என்றதும் எர்லிங் ஹாலண்டும் அவரது கோடிகளும் ஞாபகத்துக்கு வரும். அந்தக் காலத்து ஜெர்மனியில் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவதே விதிப்படி குற்றம். எல்லோரும் அமெச்சூர்கள், பிழைப்புக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். ஹால்வோர்சன் பகலில் கப்பல் அலுவலகம், மற்ற நேரத்தில் ஹாம்பர்கர் எஸ்.வி. என்ற அணி. ஆட்டக்காரர்கள் நாடு விட்டு நாடு போய் ஆடுவது அவ்வளவு சகஜமாக இல்லாத நாளில், ஒரு வெளிநாட்டுக்காரர் பெரிய ஜெர்மன் அணி ஒன்றின் கேப்டன் ஆனார்.

அவர் ஆடிய இடம் சென்டர் ஹாஃப். இன்றைய கணக்கில் தடுப்பாட்டக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. முன்னால் ஐந்து பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் இரண்டு பேர் என்று ஆடிய காலம் அது. நடு மூவரில் நடுவில் நிற்பவர்தான் அணியின் மூளை. பந்தைப் பறிப்பதும் அவரே, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுப்பதும் அவரே.

1922 இறுதிப் போட்டியை ஜெர்மனியில் இன்றும் 'முடிவில்லாத இறுதியாட்டம்' என்று பேசுகிறார்கள். நியூரம்பர்க் அணியோடு பெர்லினில் 189 நிமிடம் ஆடியும் 2-2. இருட்டிவிட்டதால் நிறுத்தினார்கள். லைப்சிக்கில் மறு ஆட்டம், 1-1. அதில் சிவப்பு அட்டை... இல்லை, அட்டை என்பதே அப்போது கிடையாது! வெளியேற்றப்பட்டவர்கள், அடிபட்டவர்கள் போக நியூரம்பர்க் பக்கம் ஏழு பேர்தான் மிச்சம். ஆட்டம் கைவிடப்பட்டது. பட்டத்தை ஹாம்பர்க்குக்கு என்று அறிவித்தார்கள், ஹாம்பர்க் அதை விட்டுக்கொடுத்தது. ஆனால் அடுத்த வருடமே யூனியன் ஓபர்ஷோனவைடே அணியை 3-0 என்று வென்று அதே பட்டத்தை முறைப்படி எடுத்துக்கொண்டார்கள். 1928-ல் ஹெர்த்தா பெர்லினை 5-2 என்று வென்று இன்னொன்று.

அந்த அணியில் ஹால்வோர்சன் பந்தைக் கொடுக்க, கோல் போடும் வேலையைச் செய்தவர் ஒட்டோ ஹார்டர். பட்டப்பெயர் 'டுல்'. நல்ல உயரம், காளை மாதிரி ஓட்டம். ஜெர்மன் தேசிய அணிக்காக 15 ஆட்டங்களில் 14 கோல். ஹாம்பர்க் தெருக்களில் அவர் பெயரை வைத்துப் பாட்டே பாடினார்கள். மூளை நார்வேயிலிருந்து வந்தவர், முஷ்டி ஜெர்மானியர். இப்படித்தான் அந்த ஜோடி ஓடியது. வருடக்கணக்கில் ஒரே சட்டை, ஒரே வெற்றி விழா. இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்டர் 1932-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு எஸ்.எஸ். படையில். அதே 1933-ல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். ஹால்வோர்சனின் ஹாம்பர்க் ஆட்ட வாழ்க்கையும் அந்த ஆண்டோடுதான் முடிந்தது. அவர் நார்வே திரும்பி, அந்நாட்டுக் கால்பந்து சங்கத்தின் பொதுச் செயலாளர் ஆனார், தேசிய அணிக்கும் பொறுப்பேற்றார்.

அப்படித்தான் 1936-ல் பெர்லினுக்கு வந்தார்கள். ஜெர்மனியை வென்ற பிறகு அரையிறுதியில் இத்தாலியிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் போலந்தை 3-2 என்று வென்றார்கள். மூன்று கோலும் ஆர்னே ப்ரூஸ்டாட் போட்டது. 'வெண்கல அணி' என்று நார்வேயில் இன்றும் ஒரு மரியாதை அதற்கு உண்டு. அதன் கேப்டன் யோர்கன் யுவே தேசிய அணிக்காகப் போட்ட 33 கோல்கள்தான் நார்வேயின் சாதனையாக இருந்தது. அதைத் தாண்ட 2024-ல் ஹாலண்ட் வரவேண்டியிருந்தது. இத்தனைக்கும் யுவே பெர்லினில் முன்வரிசையிலேயே ஆடவில்லை, பின்னால் நின்று ஆடினார்!

1938 உலகக் கோப்பையில் மீண்டும் இத்தாலி. மார்செய் நகரில் முதல் சுற்றிலேயே மோதினார்கள். உலக சாம்பியனை 1-1 என்று கூடுதல் நேரம்வரை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் பியோலா போட்ட கோலில் தோற்றார்கள். அந்தக் கோப்பையையும் இத்தாலியே வென்றது. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தால் என்று நார்வேக்காரர்கள் பெருமூச்சு விடுவதில் நியாயம் இருக்கிறது.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படைகள் நார்வேக்குள் நுழைந்தன. சில மாதங்களில் கட்சிகள் தடை செய்யப்பட்டன. அடுத்து விளையாட்டுச் சங்கங்களை நாஜி ஆதரவு நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். நார்வே விளையாட்டு உலகம் இதற்குச் சொன்ன பதில் அபூர்வமானது: ஆட மாட்டோம்! தலைவர்கள் பதவியை விட்டார்கள். கால்பந்து, பனிச்சறுக்கு, ஓட்டம் என்று எந்த அதிகாரபூர்வப் போட்டிக்கும் வீரர்கள் போகவில்லை. அரசு நடத்திய ஆட்டங்களுக்கு ரசிகர்களும் போகவில்லை. வெறிச்சோடிய மைதானங்களில் யாரோ சிலர் ஆடிக்கொண்டிருக்க, உண்மையான போட்டிகள் காட்டுக்குள்ளும் வயல்வெளியிலும் ரகசியமாக நடந்தன. 1940-க்குப் பிறகு 1945வரை நார்வே கோப்பை என்பதே நடக்கவில்லை. துப்பாக்கி தூக்கிய எதிர்ப்புகளைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் உண்டு. ஒரு நாடே ஐந்து வருடம் பந்தை உதைக்க மறுத்ததும் ஒரு எதிர்ப்புதான்.

இந்த விளையாட்டுப் புறக்கணிப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஹால்வோர்சனும் ஒருவர். ஆள் சாதாரண ஆள் இல்லை, ஜெர்மானியர்களுக்கு நன்றாகத் தெரிந்த முகம். பழைய புகழை வைத்து அவர்களோடு சேர்ந்துபோயிருந்தால் சுகமாக இருந்திருக்கலாம். 1942-ல் அவரைக் கைது செய்தார்கள். முதலில் ஓஸ்லோ பக்கத்தில் உள்ள க்ரினி முகாம். 1943-ல் பிரான்ஸின் அல்சாஸ் மலைப் பகுதியில் இருந்த நாட்ஸ்வைலர் வதை முகாம்.

நாட்ஸ்வைலருக்கு அனுப்பப்பட்ட நார்வேக்காரர்கள் 'இரவும் மூடுபனியும்' என்று பெயரிடப்பட்ட ஒரு உத்தரவின் கீழ் வந்தவர்கள். பெயர் கவிதை மாதிரி இருக்கும். பொருள் இதுதான்: ஆள் காணாமல் போக வேண்டும். கடிதம் கிடையாது, பார்சல் கிடையாது, உயிரோடு இருக்கிறாரா என்ற தகவல்கூட வீட்டுக்குப் போகாது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய முகாம், பக்கத்தில் கருங்கல் குவாரி, பசி, குளிர். அங்கே போன நார்வேக்காரர்கள் 500-க்குச் சற்று அதிகம். கிட்டத்தட்டப் பாதிப் பேர் திரும்பவில்லை.

1944-ல் நேச நாட்டுப் படைகள் நெருங்கியதும் கைதிகளை ஜெர்மனிக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஹால்வோர்சன் துணை முகாம்கள் வழியாக வைஹிங்கன் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். நோயாளிகளைக் கொண்டுவந்து போட்ட முகாம் அது. டைஃபஸ் காய்ச்சல் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது. அங்கிருந்து 1945-ல் நொயன்காமே முகாம். ஸ்வீடன் நாட்டின் ஃபோல்கே பெர்னடாட் பிரபு நடத்திய மீட்புப் பணிக்காக, ஜெர்மனி முழுவதும் சிதறிக் கிடந்த நார்வே, டென்மார்க் கைதிகளை அங்கேதான் சேர்த்தார்கள். வெள்ளை பெயின்ட் அடித்து, செஞ்சிலுவை வரைந்த பேருந்துகள் அவர்களை வீடு நோக்கி ஏற்றிப்போயின.

நொயன்காமே எங்கே இருக்கிறது தெரியுமா? ஹாம்பர்க்கின் தென்கிழக்கு ஓரத்தில். பல்லாயிரம் பேர் கைதட்டி அவரைக் கொண்டாடிய அதே ஹாம்பர்க்!

டுல் ஹார்டர்? போர் தொடங்கியதும் அவர் முகாம் காவலர் ஆகியிருந்தார். முதலில் சாக்சன்ஹவுசன், பிறகு அதே நொயன்காமேயில் சில ஆண்டுகள். 1944 இறுதியில் ஹனோவர் பக்கத்தில் இருந்த ஆலெம் என்ற துணை முகாமுக்குத் தலைவர். அங்கே யூதக் கைதிகளை வைத்து நிலத்தடி ஆயுதத் தொழிற்சாலைக்காகச் சுரங்கம் வெட்டினார்கள். பட்டினியிலும் வேலையிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். இருவரும் முகாமில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள் என்று கதை கட்டினால் சினிமாவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஹால்வோர்சன் நொயன்காமேவுக்கு வந்தபோது ஹார்டர் அங்கே இல்லை.

1947-ல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ஹார்டரை விசாரித்தது. குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 15 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. 1951 முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார்.

ஹால்வோர்சன் நாடு திரும்பி, உடம்பு தேறியதும் செய்த வேலை, மறுபடியும் அதே பொதுச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான். நார்வேயில் வட்டார வட்டாரமாகச் சிதறிக் கிடந்த போட்டிகளைச் சீரமைத்து, 1948-ல் புதிய லீக் தொடங்கியது. அந்தச் சீரமைப்புக்கு அவர் பெயரையே வைத்து 'ஹால்வோர்சன் ஏற்பாடு' என்றார்கள். 1954 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நார்வேயும் மேற்கு ஜெர்மனியும் ஒரே பிரிவில் வந்தன. 1953 நவம்பரில் நார்வே அணி ஆடப் போன ஊர், வேறு எது, ஹாம்பர்க்தான். 5-1 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு அந்த மேற்கு ஜெர்மனி உலக சாம்பியன் ஆனது என்பதால் அதை அவமானமாகச் சொல்ல முடியாது.

முகாம்களில் கெட்ட உடம்பு முழுதாகச் சரியாகவில்லை. 1955 ஜனவரி 16 அன்று, வடக்கே நார்விக் நகரில் ஹால்வோர்சன் இறந்தார். வயது 56.

அடுத்த வருடம் மார்ச்சில் ஹார்டர் ஹாம்பர்க்கில் இறந்தார். ஹாம்பர்கர் எஸ்.வி. அவருக்கு மரியாதையோடு விடைகொடுத்தது. விஷயம் அதோடு நிற்கவில்லை. 1974 உலகக் கோப்பை மேற்கு ஜெர்மனியில் நடந்தபோது ஹாம்பர்க் நகரம் விருந்தாளிகளுக்காக ஒரு கையேடு அச்சிட்டது. நகரத்தின் பெருமைக்குரிய கால்பந்து வீரர்கள் என்று அதில் போட்ட பெயர்களில் ஊவே சீலரோடு டுல் ஹார்டரும் இருந்தார். அவர் யார் என்று கடைசி நேரத்தில் யாரோ சொல்ல, அந்தப் பக்கத்தை அவசர அவசரமாக நீக்கினார்கள். தன் நாஜிக் காலத்தைப் பற்றி அணியின் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி வைத்து, ஹார்டரையும் ஹால்வோர்சனையும் அதில் காட்டியது 2007-ல்.