பொதுக் கணினிக்குப் பூட்டு வந்த கதை

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில். இன்று வங்கிக் கணக்கையும் அந்தரங்கத்தையும் காவல் காக்கிற அந்தச் சொல், பிறந்தபோது காத்தவற்றில் ஒன்று கணினி நேரம்.

அதற்கு முன்பு, நிரலைத் துளை அட்டைகளில் குத்தி, கட்டாகக் கட்டி, ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். விடை வர மணிக்கணக்காகும், சில சமயம் மறுநாள். ஒரு கமா தவறியிருந்தால் மறுபடியும் வரிசை. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கணினி வந்தபோது அப்படி அட்டைக்கட்டோடு காத்திருந்த ஒரு தலைமுறை நம்மிடமும் உண்டு.

இந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டத்தான் ஃபெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கி, 1961 நவம்பரில் இயக்கிக் காட்டினார்கள். கணினி ஒன்றுதான், முனையங்கள் பல. ஒவ்வொருவருக்கும் நொடியில் ஒரு துணுக்கு நேரம் என்று மாறி மாறிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்கால் ஒன்று, வயல் பல, முறை வைத்துத் தண்ணீர். முறை என்று வந்துவிட்டால் இப்போது யார் முறை என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா? ஆளுக்கொரு கணக்கு, வாரத்துக்கு இத்தனை மணி நேரம், கணக்கைத் திறக்க ஒரு சொல் என்று ஏற்பாடு ஆயிற்று.

பூட்டு வந்த கையோடு அதைத் திறந்தவரும் வந்தார். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரம் 4 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கணினியிலுள்ள ஒரு கோப்பு அச்சாகி வேண்டுமென்றால், கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் துளை அட்டையில் குத்திக் கொடுத்தால் போதும் என்றொரு வசதி அங்கே இருந்தது. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பின் பெயரைக் குத்தி அட்டையைப் போட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை மற்ற அச்சுத்தாள்களோடு அதுவும் அடுக்கில் இருந்தது. எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழித்துத்தான் கார்பட்டோவிடம் உண்மையைச் சொன்னார்.

இதை மாணவக் குறும்பாகச் சொல்லி ரசிப்பவர்கள் அதிகம். என்னால் அப்படி ரசிக்க முடியவில்லை. ஷெர் கூடுதலாக ஓட்டிய ஒவ்வொரு மணியும் வேறு யாருடைய கணக்கிலோ கழிந்தது. மேலே மடையைத் திறந்துவிட்டவர் யாரென்று கடைமடைக்காரருக்குத் தெரியாது. தண்ணீர் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

1966-ல் இன்னொரு கூத்து. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தப்போய், கோப்புகள் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக மொத்தக் கடவுச்சொல் பட்டியலும் வந்து விழுந்தது. சொல்லை அப்படியே எழுதி வைப்பது ஆபத்து என்பது புரிந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் ஒரு வழி கண்டார்: சொல்லைத் திரும்பப் பிரிக்க முடியாதபடி உருமாற்றி, அந்த உருவை மட்டும் வைத்துக்கொள்வது. யூனிக்ஸ் கணினிகளில் அதை மேலும் இறுக்கி, ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது.

அந்த மோரிஸின் மகனும் ராபர்ட் மோரிஸ்தான். அப்போது கார்னெல் பல்கலைக்கழக மாணவர். 1988 நவம்பர் 2 அன்று அவர் வலைப்பின்னலில் விட்ட சிறு நிரல், எளிய கடவுச்சொற்களை ஊகித்தும் மென்பொருள் ஓட்டைகளில் புகுந்தும் கணினி கணினியாகத் தாவியது. சுமார் 6,000 கணினிகளைப் பிடித்தது என்பது அன்றைய மதிப்பீடு. எதையும் அழிக்கவில்லை. ஆனால் ஒரே கணினியில் திரும்பத் திரும்பப் புகுந்ததில் கணினிகள் திணறி நின்றன. பல்கலைக்கழகங்கள் இணைப்பைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் 10,050 டாலர் அபராதமும் விதித்தது.

அப்போது இந்தியாவில் எர்நெட் பிறந்து இரண்டு ஆண்டு. 1986-ல் மத்திய மின்னணுத் துறை தொடங்கிய அந்தக் கல்வி வலைப்பின்னலின் முதல் உறுப்பு நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ல்தான். இன்று அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சட்டத்துக்குப் பயந்துதான் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் மீறினால் தவிப்பவர்கள் மற்றவர்கள். 2010-ல் அதே எம்.ஐ.டி. வளாக இணைப்பிலிருந்து ஒருவர் ஆய்விதழ்க் கட்டுரைகளை மூட்டை மூட்டையாக இறக்க, அந்த இதழ்களை இணையத்தில் வழங்கும் ஜேஸ்டோர் நிறுவனம் பல்கலைக்கழகம் முழுவதற்கும் சில நாட்கள் கதவைச் சாத்தியது. ஆய்வேட்டை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தவருக்கும் சேர்த்துத்தான் அது சாத்தப்பட்டது.

இந்தக் கதையை நான் எழுதக் காரணம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு, செம்மங்குப்பம் பக்கத்தில் நிற்கும் ஆலைகளில் மருந்து மூலப்பொருள் செய்பவையும் உண்டு. வேதியியல் படித்த பிள்ளைகள் தேடிப்போகும் வேலை அங்கே சரக்கின் தரம் பார்க்கும் கியூ.சி. லேபில் இருக்கிறது. மாதிரியில் கலந்திருப்பவற்றைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி, பக்கத்தில் ஒரு கணினி. மூன்று ஷிஃப்டுக்கும் அதே கணினிதான். மாதிரியை ஏற்றி ஓடவிட்டால் திரையில் கோடு எழும்பி இறங்கும். அந்த மேட்டின் பரப்பை வைத்துத்தான் சரக்கு தேறியதா இல்லையா என்று முடிவு. வரக்கூடாத இடத்தில் ஒரு சின்ன மேடு எழுந்து, அந்த ஓட்டத்தையே யாரோ அழித்துவிட்டால்? அழித்த நேரம் கணினியின் பதிவேட்டில் விழும், பெயரும் விழும். எல்லாரும் ‘லேப்’ என்ற ஒரே லாகினில் நுழைந்திருந்தால், விழுகிற பெயர் யாருடையதும் இல்லை.

அமெரிக்காவுக்குப் போகும் மருந்துக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997-லேயே விதி வகுத்துவிட்டது: மின்னணுக் கையொப்பத்துக்கான அடையாளமும் கடவுச்சொல்லும் சேர்ந்த இணை இருவருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது, யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு தானாக எழுதப்பட வேண்டும். பொது லாகினைச் சுட்டிக்காட்டி எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய இந்திய ஆலைகள் பல. கடிதம் ஆலையின் பெயருக்கு வரும். உள்ளே விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல நிற்பவர் அந்த ஷிஃப்டில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணாகவோ பையனாகவோ இருப்பார். தான் அழிக்கவில்லை என்று காட்ட அவர் கையில் ஒன்றும் இருக்காது.

லாகினைப் பகிரும் பழக்கம் ஆலையில் தொடங்குவதில்லை. கல்லூரி லேபில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில் பாஸ்வேர்டு எழுதியிருக்கும். “என் லாகின்ல போட்டுக்கோடா” என்று நட்புக்காகக் கொடுப்பார்கள். மணி அடித்ததும் லாகினை மூடாமலே எழுந்து போவார்கள். எம்.எஸ்சி. முதல் வாரத்தில், கருவியைத் தொடுவதற்கு முன்பே மாணவருக்குத் தனி லாகின் கொடுத்து, ஒவ்வொரு ஓட்டமும் அவரவர் பெயரில் பதிவாவதைத் திரையில் காட்டிவிடலாம். அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். லேப் பொறுப்பாளர் ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும்.