கணினி நகரத்தில் விமானி அனுமதிப்பத்திரம்

"அம்மா, எனக்கு ஹெலிகொப்டர் லைசன்ஸ் கிடைச்சிட்டுது" என்று பிள்ளை அறைக்குள் இருந்து கத்தினால், நாம் பெரும்பாலும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். உலங்குவானூர்தி இரைச்சலுக்கு இன்றும் திடுக்கிடும் பெரியவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அதே இரைச்சல் பிள்ளைகளுக்கு விளையாட்டு. அந்த விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை நாமும் அறிந்து வைப்பது நல்லது.

எந்த விளையாட்டு?

2013இல் ரொக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5', லொஸ் ஏஞ்சலிசை ஒத்த லொஸ் சான்ரோஸ் என்ற கற்பனை நகரில் நடக்கிறது. 'ஃபைவ்எம்' என்ற மென்பொருளின் உதவியுடன் தனியாட்கள் தங்கள் சொந்த சேர்வர்களில் இதே நகரத்தை நடத்துகிறார்கள். அங்கே ஒருவர் பொலிஸ், இன்னொருவர் அம்புலன்ஸ் ஊழியர், வேறொருவர் மெக்கானிக். எல்லோரும் ஏற்ற பாத்திரமாகவே பேசி நடக்க வேண்டும்.

ஏன் அனுமதிப்பத்திரம்?

வானில் பறப்பவருக்கு வீதியில் நிற்பவரைவிட வலு அதிகம். கூரைகளில் இறங்குவதும், பொலிஸ் துரத்தலுக்குள் புகுவதும் மற்றவர்களின் விளையாட்டைக் கெடுத்துவிடும். எனவே பல சேர்வர்களில் விதிகளைப் படித்து, எழுத்துப் பரீட்சையும் பறப்புப் பரீட்சையும் முடித்தவருக்கே உலங்குவானூர்தி கிடைக்கும். தாழப் பறத்தல், வீதியில் இறங்குதல், தடைசெய்த பகுதிக்குள் நுழைதல் போன்றவற்றுக்கு எச்சரிக்கை, தற்காலிகத் தடை, பறிமுதல் என்று தண்டனைகள் உண்டு. இடத்துக்கு இடம் விதிகள் மாறும்.

உண்மை விதி என்ன?

இவற்றுக்குப் பெரும்பாலும் முன்மாதிரி அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம். அங்கே தனியார் உலங்குவானூர்தி விமானியாக 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் பயிற்றுநருடனும் 10 மணி நேரம் தனியாகவும் இருக்க வேண்டும். எழுத்து, வாய்மொழி, பறப்புப் பரீட்சைகள் மூன்றும் உண்டு. பிரித்தானியாவில் 45 மணி நேரம். தனியார் அனுமதிப்பத்திரத்துடன் கூலிக்குப் பயணிகளை ஏற்ற முடியாது. மது அருந்தி 8 மணி நேரத்துக்குள் பறக்கவும் கூடாது.

வேறுபாடு எங்கே?

அமெரிக்காவில் ஒரு விமானியின் அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டால், அவர் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் நிர்வாக நீதிபதியிடம் மேன்முறையீடு செய்யலாம். பறித்தவர் வேறு, விசாரிப்பவர் வேறு. விளையாட்டு நகரங்களிலோ விதியை எழுதியவர், பரீட்சை வைத்தவர், தண்டித்தவர் மூவரும் சில வேளைகளில் ஒரே ஆளாக இருப்பார். அவரும் சம்பளமில்லாத தொண்டர்தான், சில வேளை இன்னொரு இளைஞர்தான். பல வாரம் உழைத்துப் பெற்ற உரிமையைக் காரணம் கேட்காமல் இழக்கும் பிள்ளைக்கு அந்தக் கோபம் விளையாட்டல்ல. அதிகாரமும் நீதியும் ஒரே கையில் இருந்தால் என்ன நேரும் என்பது எங்கள் தலைமுறைக்குப் புதிதும் அல்ல. அதைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

பெற்றோர் கவனிக்க

இந்த விளையாட்டுக்கு ஐரோப்பிய வயது மதிப்பீடு 18. வன்முறையும் ஆபாசமும் அதில் உண்டு. பறப்பில் உண்மையான ஆர்வமுள்ள இளையவருக்கு 2001இல் தொடங்கிய 'வட்சிம்' வலையமைப்பு பொருத்தமானது. அது இலவசம், குறைந்தபட்ச வயது 13. அங்கே கட்டுப்பாட்டாளர்களுடன் வானொலியில் பேசிப் பறக்கலாம். விமானக் கடத்தலை நடித்துக் காட்டுவதற்கு அங்கே தடை.

அடுத்த முறை பிள்ளை "லைசன்ஸ் கிடைச்சிட்டுது" என்றால், பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்று கேட்போம். "லைசன்ஸைப் பறிச்சிட்டாங்கள்" என்றால், யார், ஏன் என்று கேட்போம். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லப் பிள்ளை கதவைத் திறக்கத்தான் வேண்டும்.